‘போ’ என்று சொல்ல ஒருவர், ‘நில்’ என்று சொல்ல எல்லோரும்: கிணற்றுமேட்டில் கற்ற தலைமை

கிணற்றுமேடு | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். தீயணைப்புத் துறையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஃபயர்மேனாகச் சேர்ந்தேன், நிலைய அலுவலராக வெளியே வந்தேன். உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் தலைமை என்றால் என்ன, தைரியமா அனுபவமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் தனி இழை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு என்றால் தீ மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கொங்குப் பக்கத்து நிலையங்களில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், கிணற்று அழைப்பு ஓயவே ஓயாது. மாடு விழுந்த கிணற்றுக்கு நான் பயந்ததில்லை. தூர் வார இறங்கியவர் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார் என்று அழைப்பு வந்தால்தான் அடிவயிறு கலங்கும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே அந்த இடம் ஆபத்தானது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இலையும் சருகும் மட்கிக் கிடக்கும் பழங்கிணற்றில் கரியமில வாயு அடியில் தேங்கும், அது காற்றைவிடக் கனம். சில இடங்களில் டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே திட்டில் வைத்து ஓட்டுவார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே, இனி இறங்கலாம் என்று இறங்கியவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

ஒருவர் விழுவார். அதைப் பார்த்து அண்ணன் இறங்குவார். அண்ணனைப் பார்த்து மச்சான் இறங்குவார். அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று சொல்லியிருந்தது. பாசம்தான் அங்கே ஆளைக் கொல்கிறது. கிணற்றுமேட்டில் நின்று உள்ளே பார்க்கிற யாருக்கும், சீருடை போட்டவனுக்கும்தான், குதிக்கத் தோன்றும்.

1990களின் கடைசி. நான் நிலைய அலுவலராகி இரண்டாவது வருஷம். 60 அடிக் கிணறு, உள்ளே அண்ணன் தம்பி இருவர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே திரண்டிருந்தது. அந்த அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கூட்டத்தில் ஒருவர், “சும்மா பார்த்துட்டு நிக்கத்தான் வந்தீங்களா?” என்றார். எங்களிடம் பி.ஏ. செட் இரண்டு இருந்தது. முதுகில் சிலிண்டர், முகத்தில் மாஸ்க், அதுதான் பி.ஏ. செட். அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நானே இறங்கினேன். அதிகாரி முன்னால் போக வேண்டும், அதுதான் வீரம் என்று அன்றைக்கு முழுசாக நம்பினேன்.

கீழே போய்த் தம்பியை வலையில் கட்டி அனுப்பினேன். ஏறும் வழியில், 20 அடி ஆழத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லில் வலை மாட்டிக்கொண்டது. மேலே இருந்த ஃபயர்மேன் ஒருவர், 11 வருஷ சர்வீஸ், அதை எடுத்துவிடலாம் என்று மாஸ்க் இல்லாமல் படியில் இறங்கிவிட்டார். வலையை விடுவித்தார், அப்படியே படியில் சரிந்தார். இடுப்பில் கயிறு இருந்ததால் தூக்க முடிந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தார். தம்பியும் பிழைத்தான். அண்ணன் பிழைக்கவில்லை.

அன்று இரவு வாட்ச் ரூமில் நாலு மாத சர்வீஸ் உள்ள பையன் ஒருவன் என்னிடம் வந்தான். “ஐயா, அவர் மாஸ்க் இல்லாமல் இறங்கினதை நான் பார்த்தேன். வேண்டாம்னு சொல்லத் தோன்றியது. மேலே யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை” என்றான்.

யாரிடம் சொல்வான்? சொல்ல வேண்டிய ஆள் 60 அடிக்குக் கீழே இருந்தான்.

அதற்குப் பிறகு 20 வருஷத்துக்கு மேல் நான் அதிகாரியாக இருந்தேன். ஆள் பற்றாக்குறையால் வேறு வழியே இல்லாத இரண்டு தடவை தவிர, கிணற்றில் இறங்கவில்லை. மேட்டிலேயே நின்றேன். ஆள் இறங்குவதற்கு முன் சத்தமாக மூன்று விஷயம் சொல்வேன். நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எப்போது திரும்ப வேண்டும். சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும், 55 பாருக்கு வந்தால் விசில் அடிக்கும். விசிலுக்குக் காத்திருக்காதே, 120 என்றால் ஏறிவிடு. இப்படி எண்ணைச் சொல்லி அனுப்புவேன். அப்புறம் ஒன்று. இறங்கு என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும். நில் என்று சொல்லும் உரிமை அங்கே நிற்கும் எல்லோருக்கும், டிரைவர் உட்பட. யாராவது நில் என்றால் கயிறு நிற்கும். காரணத்தை மேலே ஏறி வந்த பிறகு கேட்போம்.

நான் தலைமை என்று புரிந்துகொண்டது இவ்வளவுதான். மற்ற வேலைகளில் இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரிகிறது என்று கேட்க ஆசை.

---

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 11.15

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 வருஷம், இப்போது இரவு ஷிப்டில் இன்சார்ஜ் சிஸ்டர்.

ஆனால் ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. “மேட்டிலேயே நின்றேன்” என்கிறீர்கள். எங்கள் வார்டில் மேட்டில் நிற்கும் இன்சார்ஜை யாரும் மதிக்க மாட்டார்கள். மதிக்க வேண்டியதும் இல்லை. ஃபைலை வைத்துக்கொண்டு கவுன்ட்டரில் உட்கார்ந்து, “அந்த பெட்டைப் பாரு, இந்த பெட்டைப் பாரு” என்று சொன்னவர்களின் கீழே நான் வேலை பார்த்திருக்கிறேன். வென்டிலேட்டர் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கக் கை கொடுக்காதவர் சொல்லும் வார்த்தைக்கு என்ன எடை இருக்கும்?

நான் இன்சார்ஜ் ஆன நாளிலிருந்து, ஷிப்டில் எந்த நோயாளி மிக மோசமாக இருக்கிறாரோ அவரை நான் எடுத்துக்கொள்கிறேன். புதுப்பிள்ளைகளுக்கு அது தரும் தெம்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் தலைமை அதுதான். உங்களுடையது சரியா என்னுடையது சரியா என்று சண்டை போடவில்லை, உண்மையிலேயே கேட்கிறேன்.

---

ஓடுதளம் | திங்கள், காலை 6.50

விமானப் பராமரிப்பில் இருந்தவன். எங்கள் துறை இந்தப் பாடத்தைப் படித்த விலை மிகப் பெரியது.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பனிமூட்டம். கே.எல்.எம். நிறுவனத்தின் 747 விமானம் ஒன்று ஓடுபாதையில் கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில் பான் அமெரிக்கன் 747 இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. கே.எல்.எம். கேப்டன் சாதாரண ஆள் இல்லை, அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்கே பயிற்சி கொடுப்பவர். வண்டி ஓடத் தொடங்கியதும் ஃப்ளைட் இன்ஜினியர், அந்த பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். இன்ஜினியர் மறுபடி கேட்கவில்லை. சில வினாடிகளில் மோதல், 583 பேர் இறந்தார்கள்.

உங்கள் நாலு மாதப் பையனும் அந்த இன்ஜினியரும் ஒரே ஆள்தான். இவர் வாய் திறந்து கேட்கவாவது செய்தார். ஆனால் கேள்வியாகக் கேட்டார். நில் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான், காக்பிட்டில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேச வேண்டும் என்பதையே பாடமாக வைத்தார்கள். நாசா 1979-இல் இதற்கென்று ஒரு பட்டறை நடத்தியது. 1980களின் தொடக்கத்தில் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்க ஆரம்பித்தது.

அதன் பலன் 1989 ஜூலை 19-ஆம் தேதி தெரிந்தது. யுனைடெட் 232, டி.சி-10 விமானம். வால்பக்க இன்ஜின் வெடித்துச் சிதறி விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துவிட்டன. எந்தக் கட்டுப்பாடும் வேலை செய்யவில்லை. அதற்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை. கேப்டன் ஆல் ஹேன்ஸுக்கு அப்போது 30 ஆண்டுக்கு மேல் அனுபவம். பயணிகளோடு உட்கார்ந்திருந்த டென்னி ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி உதவ வரட்டுமா என்று கேட்டதும் கூப்பிட்டுக்கொண்டார், மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டார். காக்பிட்டில் இருந்த நாலு பேரும் பேசிப் பேசியே விமானத்தை ஐயோவாவின் சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். இறங்கும்போது உடைந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். நாங்கள் நாலு பேருமே அப்படி ஒரு விமானத்தை ஓட்டியதில்லை, எனக்கு மட்டும் எப்படி அதிகம் தெரிந்திருக்கும் என்ற பொருளில் ஹேன்ஸ் பிற்பாடு பல மேடைகளில் பேசினார்.

கிணற்றுமேடு ஐயாவின் இரண்டாவது விஷயம், என்ன தெரியாது என்று சத்தமாகச் சொல்வது, எனக்கு அதுதான் மிகப் பெரியதாகப் படுகிறது.

---

எல்லைச்சாமி | திங்கள், காலை 10.05

ராணுவத்தில் 24 வருஷம், சுபேதாராக ஓய்வு. மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து.

எல்லோரும் நில் என்று சொல்லலாம் என்றால், பயந்தவனும் சொல்வான். அவன் சொல்லி நிறுத்தியதால் உள்ளே கிடப்பவன் செத்தால் யார் பொறுப்பு? ஆபத்தில் ஒரு குரல்தான் ஒலிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் உயிரோடு திரும்பினோம்.

உங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவில் மொன்டானாவின் மேன் கல்ச் பள்ளத்தாக்கு. காட்டுத்தீ புல்வெளி வழியாக மேலேறித் துரத்துகிறது. ஃபோர்மேன் வாக்னர் டாட்ஜ் தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். அது எரிந்து முடிந்த சாம்பலில் படுத்துக்கொண்டு, ஆட்களையும் வரச் சொன்னார். பெரிய தீ வந்தால் அந்த இடத்தில் எரிய ஒன்றும் மிச்சம் இருக்காது அல்லவா? ஒருவரும் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள். டாட்ஜ் பிழைத்தார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்திருந்தால் அத்தனை பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

---

சைரன்108 | திங்கள், மதியம் 1.30

எல்லோருக்கும் வணக்கம். 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக இருக்கிறேன், வயது 26. எங்கள் டீம் இரண்டே பேர், நானும் பைலட் அண்ணனும். வெளியாட்களுக்காகச் சொல்கிறேன், 108 டிரைவரை பைலட் என்றுதான் சொல்வோம்.

எனக்கு ஒரு நடைமுறைச் சந்தேகம். எங்களுக்குக் கீழே யாரும் கிடையாது. ஆனால் விபத்து நடந்த இடத்தில் 40 பேர் நிற்பார்கள். கழுத்தில் அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் ஏற்றப் பார்ப்பார்கள். நான் சொன்னால், “பொடிப்பையன் நீ என்ன சொல்றே” என்பார்கள். அங்கே நான் யாருக்குத் தலைவன்? எப்படி நில் என்று சொல்வது?

---

கிணற்றுமேடு | திங்கள், இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சைரன் தம்பி, அந்த 40 பேரும் உங்கள் டீம்தான். கூட்டத்தில் யார் அதிகமாகக் கத்துகிறாரோ அவருக்கு உதவ ஆசை இருக்கிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் கண்ணைப் பார்த்து, கையைத் தொட்டு, அவரை மட்டும் கூப்பிட்டு ஒரு வேலை கொடுங்கள். “அண்ணே, நீங்க அந்தப் பக்கம் நின்னு வண்டிகளை ஒதுக்கி விடுங்க, உங்களைத்தான் நம்பியிருக்கேன்.” எல்லோரையும் பார்த்துத் தள்ளி நில்லுங்கள் என்று கத்தினால் ஒருவரும் நகர மாட்டார். அன்று என்னைச் சும்மாவா நிக்கிறீங்க என்று கேட்டவரிடம் நான் கயிற்றின் வால்பக்கத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாக் கிணற்றிலும் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். பிடித்த கயிற்றை விட்டவரை நான் பார்த்ததில்லை.

சிஸ்டர், உங்கள் கேள்வி என்னை நாள் முழுக்க யோசிக்க வைத்தது. நான் மேட்டில் நின்றேன் என்றால் கை கட்டி நின்றேன் என்று அர்த்தம் இல்லை. தினமும் காலையில் ரோல் கால் முடிந்ததும் ட்ரில் நடக்கும். அதில் முதலில் ஏணி ஏறியது நான், முதலில் மாஸ்க் மாட்டியது நான். இறங்குபவன் என்ன படுவான் என்று என் உடம்புக்குத் தெரியும், அது அவனுக்கும் தெரியும். அந்தக் கணக்கை ட்ரில் மைதானத்தில் தீர்த்துவிட்டுத்தான் மேட்டில் நிற்பேன். கை கொடுக்காதவர் சொல்லுக்கு எடை இல்லை என்கிறீர்கள், முழுக்க ஒத்துக்கொள்கிறேன். என் சந்தேகம் வேறு. மிக மோசமான நோயாளியிடம் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வார்டின் மறுகோடியில் ஒரு புதுப்பெண் எதையோ பார்த்துப் பயப்படுகிறாள். அவள் யாரிடம் சொல்வாள்?

சுபேதார் ஐயா, உங்களுக்குத்தான் நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பயந்தவனும் நில் என்று சொல்வான். சொல்லியிருக்கிறான். 2000களின் நடுவில், ஒரு தொட்டியில் இரண்டு பேர் விழுந்த அழைப்பு. என் ஆள் ஒருவரைத் தூக்கிவிட்டு இரண்டாமவரிடம் போகும்போது, மேலே இருந்த டிரைவர் நில் என்றார். கயிறு ஆடியதைப் பார்த்து உள்ளே இருப்பவர் சரிந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். ஏற்றிப் பார்த்தோம், ஆளுக்கு ஒன்றும் இல்லை. மறுபடி இறங்கி அந்த இரண்டாவது ஆளை எடுத்தபோது உயிர் இல்லை. அந்த நாலைந்து நிமிஷத்தில்தான் போனதா, முன்பே போயிருந்ததா, எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

டிரைவர் லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நிலையத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் நில் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எல்லோர் முன்னாலும், “நீங்கள் சொன்னதால் நிறுத்தினேன், நிறுத்தியது என் முடிவு” என்றேன். இறந்தவரின் வீட்டாரிடமும் நானே போய்த் தரையில் உட்கார்ந்து சொன்னேன். இடையில் ஒருமுறை ஏற்றிவிட்டு மறுபடி இறங்கினோம் என்பதையும் மறைக்கவில்லை. அவருடைய அப்பா என்னைத் திட்டினார். திட்டட்டும், அதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான் ஐயா. யார் நில் என்று சொன்னாலும் பொறுப்பு என்னுடையது. பொறுப்பையும் சேர்த்துக் கீழே பங்கு போட்டால் நீங்கள் பயப்படுவது நடக்கும், சந்தேகமே இல்லை.

மேன் கல்ச் பற்றி நானும் பயிற்சியில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. தப்பிக்கத் தீ வைப்பது அந்த ஆட்களுக்கு அதுவரை யாரும் சொல்லிக்கொடுக்காத வித்தை. அந்த சீசன் தொடக்கப் பயிற்சியில் டாட்ஜ் அவர்களோடு இல்லை, அவரை வேறு பராமரிப்பு வேலைக்குப் போட்டிருந்தார்கள். முன்னால் பழகாத ஒருவர், தீ துரத்தும்போது தன் காலடியிலேயே தீ வைத்துவிட்டு உள்ளே வா என்கிறார். யார் போவார்கள்? அவர்கள் கீழ்ப்படியாதவர்கள் இல்லை. அந்தக் கடைசி நிமிஷத்தில் கேட்ட நம்பிக்கையை அவர்களுக்கு முன்கூட்டியே யாரும் கொடுத்து வைக்கவில்லை.

---

எல்லைச்சாமி | திங்கள், இரவு 9.45

டாட்ஜ் பயிற்சியில் இல்லை என்பது எனக்குத் தெரியாத விஷயம். யோசிக்க வேண்டியதுதான்.

பொறுப்பு கீழே போகக் கூடாது என்று நீங்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனாலும் சொல்கிறேன், எதிரி சுடும்போது எல்லோருக்கும் நில் உரிமை கொடுக்க முடியாது. கிணறு திருப்பிச் சுடாது. உங்கள் விதி கிணற்றுக்குச் சரி, எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

கிணற்றுமேடு | திங்கள், இரவு 9.58

ஒப்புக்கொள்ள வேண்டாம் ஐயா. நீங்கள் நின்ற இடத்தில் நான் நின்றதில்லை.

---

மயக்கவியல் | செவ்வாய், அதிகாலை 5.30

அரசு மருத்துவமனை ஒன்றில் மயக்க மருந்து மருத்துவர். அறுவை அரங்குக்குள் போவதற்கு முன் இதை எழுதுகிறேன்.

எங்கள் துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய சம்பவம் ஒன்று. 2005-இல் இங்கிலாந்தில் எலைன் ப்ரோமிலி என்ற இளம் தாய், சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுவழி அடைத்துக்கொண்டது. அனுபவம் மிக்க மூத்த மருத்துவர்கள் மூன்று பேர் வாய் வழியாக மூச்சுக்குழாய் போட முயன்றுகொண்டே இருந்தார்கள். தொண்டையில் துளையிட வேண்டிய கட்டம் கடந்துவிட்டது, அவர்கள் கவனம் குழாயிலேயே நின்றது. ஒரு செவிலியர் துளையிடும் செட்டை எடுத்து வந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்து தெரிவித்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில், தான் அளவுக்கு மீறிப் பதறுகிறோமோ என்று அந்தப் படுக்கையை ரத்து செய்துவிட்டார். 13 நாள் கழித்து எலைன் இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. ஓடுதளம் எழுதிய பயிற்சியெல்லாம் பெற்றவர். அதனால் அவருக்கு உடனே புரிந்தது. அந்த அறையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் சொல்ல வழி இல்லை. அவர் பழி வாங்கக் கிளம்பவில்லை. மருத்துவத் துறையில் இந்தப் பாடத்தைக் கொண்டுவருவதற்காக 2007-இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் 2008-இல் வந்தது, 19 அம்சங்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. முதலில் நான் இதை நேர விரயம் என்று நினைத்தேன். ஒருமுறை தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டவர், அடுத்த தடவை வாய் திறக்க அவ்வளவு தயங்குவதில்லை. இதை என் அரங்கிலேயே பார்த்துவிட்டேன்.

பெரிய தலைமைத் தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை. என் அரங்கில் டெக்னீஷியன் தம்பியின் பெயர் எனக்குத் தெரியும், என் பெயர் அவருக்குத் தெரியும். அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

---

சைரன்108 | செவ்வாய், மாலை 6.10

ஐயா, இன்றைக்கே பயன்பட்டது. பைக் விபத்து. சத்தம் போட்ட ஒரு பெரியவரிடம் குடையைக் கொடுத்து, அடிபட்டவர் முகத்தில் வெயில் படாமல் பிடிக்கச் சொன்னேன். ஸ்ட்ரெச்சர் ஏறும் வரை நகராமல் பிடித்தார். கூட்டத்தை அவரே விலக்கிவிட்டார். பைலட் அண்ணனிடமும் இன்று காலை, நான் ஏதாவது தப்பாகச் செய்தால் உடனே சொல்லிவிடுங்கள் என்றேன். “இத்தனை நாளா கேட்கலையே தம்பி” என்றார். அவருக்கு ஒன்பது வருஷ அனுபவம்.

---

இரவுப்பணி | வெள்ளி, காலை 8.40

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. உங்கள் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது ஐயா, மறுகோடியில் இருக்கும் பெண் யாரிடம் சொல்வாள் என்று கேட்டீர்களே. யோசித்துப் பார்த்தால் என் ஷிப்டில் அவள் யாரிடமும் சொல்ல முடியாது. நான் திரைக்குள்ளே இரண்டு கையும் வேலையாக இருப்பேன். என்னைக் கூப்பிட அவர்களுக்குப் பயம் என்பது இல்லை, பாவம் சிஸ்டர் கஷ்டப்படுகிறார் என்ற இரக்கத்தில் கூப்பிட மாட்டார்கள்.

மோசமான நோயாளியை நானே எடுப்பதை விடப் போவதில்லை. ஆள் கணக்கு அப்படி. தனியாக மேட்டில் நிற்க ஒருவரை ஒதுக்கும் வசதி எங்கள் வார்டில் இல்லை. ஆனால் ஒன்று செய்தேன். முந்தைய ஷிப்டிடமிருந்து பொறுப்பு வாங்கும் ஹேண்டோவர் முடிந்ததும் பிள்ளைகளிடம், இன்று எந்த இரண்டு மணி நேரம் எனக்குக் கை ஒழியாது, அப்போது யார் என் இடத்தில் என்று சொல்லிவிடுகிறேன். திரைக்குள் இருந்தாலும், நில் என்று கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு வருவேன் என்றும் சொன்னேன்.

நேற்று இரவு இரண்டரை மணி. ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் குளோரைடு ட்ரிப் ஏற்ற வேண்டும். தெரியாதவர்களுக்கு, அது அளவு தப்பினால் இதயத்தை நிறுத்திவிடும் மருந்து, இரண்டு பேர் சரிபார்க்காமல் தொட மாட்டோம். நான் கலந்து, இன்னொரு சிஸ்டரோடு சரிபார்த்து, பம்பில் வேகத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து பெட்டிலிருந்து ஒரு பெண், சேர்ந்து ஆறு வாரம், “சிஸ்டர், நில்லுங்க” என்றாள். குரல் நடுங்கியது. எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். 14 வருஷம் இதைத்தானே செய்கிறேன். ஆனால் கையை எடுத்துவிட்டேன். வேகம் அதிகமோ என்று அவளுக்குச் சந்தேகம். மூன்று பேரும் ஆர்டர் ஷீட்டை வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டோம். சரியாகத்தான் இருந்தது. அவள் முகம் சுருங்கிப் போனது. நான் நன்றி என்று சொன்னேன், இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருக்கலாம்.

---

கிணற்றுமேடு | வெள்ளி, காலை 9.05

கையை எடுத்தீர்களே, அதுவே பெரிது. அந்தப் பெண் இன்று இரவு டூட்டிக்கு வருகிறாளா? வந்ததும் எப்படி இருக்கிறாள் என்று கொஞ்சம் பாருங்கள் சிஸ்டர். எங்கள் நிலையத்தில் நில் என்று தப்பாகச் சொன்ன ஆளை, அடுத்த அழைப்பில் என் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொள்வேன்.

---

இரவுப்பணி | சனி, காலை 8.15

வந்தாள். பக்கத்து பெட்டையே கொடுத்தேன். நாலு மணிக்கு இன்னொரு தடவை நில்லுங்க என்றாள், இந்த முறை குரல் நடுங்கவில்லை. மருந்துப் பாட்டிலில் வேறு நோயாளியின் பெயர் ஒட்டியிருந்தது.